துண்டுக்கடியில் ஏழு

ரெண்டு முட்டை போதும், எப்பவும் ரெண்டுதான், இன்றைக்கு எதற்கு மூணாவது முட்டையைக் கையில் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, தெரியாமலென்ன, நன்றாகத் தெரியும், மேல்மாடிக்காரன் மூணு முட்டை போட்டானாம், உப்பி வந்ததாம், மெத்தை மாதிரி இருந்ததாம், என் பொண்டாட்டி ருக்குமணி நேற்றுச் சாயங்காலம் ஓசூரில் இருக்கிற மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், "மேல்வீட்டு ஜெரோம் தம்பி உள்ள சீஸு என்னென்னமோ வெச்சு ஒரு ஆம்லெட்டு போட்டுக் குடுத்துச்சு கண்ணு, பத்துக்குப் பத்து குடுக்கலாம்" என்றாள். பத்து. ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில், அப்படியே நின்றேன். இருபத்தி மூணு வருசமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே கையால் கொத்துக்கறி உள்ளே வைத்து மடித்து ஆம்லெட் போட்டுக் கொடுக்கிறேன், காய்ச்சல் வந்தபோதும் போட்டேன், என் கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தபோது நாற்காலியை அடுப்படிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடியே போட்டேன், இத்தனை வருசத்தில் அவள் எனக்குக் கொடுத்த உச்ச விலை ஏழு, அதுவும் ஒரே ஒரு தரம், மகள் பிளஸ் டூ பாஸான மறுநாள், அன்றைக்கு ஆம்லெட்டுக்குக் கொடுத்தாளோ மகளுக்குக் கொடுத்தாளோ யார் கண்டது. மற்ற நாளெல்லாம் அஞ்சு, அஞ்சரை, ஆறு. அவனுக்கு மட்டும் எடுத்த எடுப்பில் பத்தா. மூணாவது முட்டையையும் உடைத்துவிட்டேன், உடைத்த வேகத்தில் ஓடு ஒரு சில்லு உள்ளே விழுந்துவிட்டது, விரலைவிட்டு எடுத்தால் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறது, இந்தப் பக்கம் வருகிறது, முட்டை ஓடு கூட இந்த வீட்டில் என் கைக்கு அடங்குவதில்லை.

விரல்தான் என் பிழைப்பே. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகன் மருதாசலம் என்றால் என் விரலைத்தான் சொல்வார்கள், விற்கிறவன் கை ஒரு பக்கம், வாங்குகிறவன் கை ஒரு பக்கம், மேலே ஒரு துண்டு, அடியில் விரல் பேசும், ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ரெண்டைச் சேர்த்துப் பிடித்தால் ரெண்டு, அஞ்சையும் சேர்த்து அமுக்கினால் அஞ்சு, அமுக்கி விட்டு மறுபடி ஒன்றைப் பிடித்தால் ஆறு, விரலைப் பாதியில் மடக்கினால் அரை. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த ரெண்டு கைக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வயதில் கயிறு திரிக்கப் போய் அங்கே படுத்து அங்கேயே எழுந்தவன் நான், எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, அடிதான் சொல்லித் தந்தது. பதினாறு வயதில் முதல் மாடு, ஒரு கறவை, வாங்க வந்தவன் கூட்டத்துக்கு நடுவே வாய்விட்டு ஒரு விலை சொன்னான், நல்ல விலை, எனக்குத் தலைகால் புரியவில்லை, துண்டுக்கடியில் கையே விடாமல் கயிற்றை அவன் கையில் மாற்றிக் கொடுத்துவிட்டேன், காசு எண்ணும்போது பாதிதான் இருந்தது, கேட்டால் சிரிக்கிறான், வாயில் சொன்னது வேடிக்கை பார்க்கிறவனுக்குடா, துண்டுக்குள்ளே சொல்வதுதான் விலை என்கிறான், மாட்டுக்காரன் என்னை அறைந்த அறை இன்னும் இடது காதில் மழைக்காலத்தில் விண்ணென்று கேட்கும். அந்த விரல் கணக்கை இந்த உலகத்தில் தரகுக்காரன் அல்லாத ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை, குடியிருந்தது ஒரே அறை, பலகைச் சுவர், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்கள், ருக்குமணி வாயே திறக்கமாட்டாள், எனக்குத் தெரிந்த சமையல் அது ஒன்றுதான், சந்தைப் பக்கத்து முட்டைக் கடையில் பார்த்துப் பழகியது, போட்டுக் கொடுத்துவிட்டு எப்படி இருக்குது புள்ள என்று கேட்டால் தலையைக் குனிகிறாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டேன், இப்படிப் பிடிச்சா ஒண்ணு, இப்படிப் பிடிச்சா ரெண்டு, வாயில சொல்லக் கூச்சமா இருந்தா விரல்ல சொல்லு. அப்புறம் குருவி வந்து உட்கார்ந்த மாதிரி நாலு விரல். நாலு! சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. கட்டின ஆறாம் நாள் புருசனுக்கு நாலு கொடுக்கிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சின்ன வெங்காயத்தை உரித்தாகிவிட்டது, கண் எரிகிறது, வெங்காயம்தான், வேறொன்றுமில்லை. அறுத்துப் போட்டுக் கொத்துக்கறியோடு சேர்த்து வதக்க வேண்டும், நேற்று வாங்கி வறுத்து வைத்த கறி, நெஞ்சுப் பக்கம், கடைக்காரன் தொடையைத் தள்ளப் பார்த்தான், விடுவேனா. சோம்பு தட்டிப் போட்டு, கடலெண்ணெயில், தண்ணீர் சுண்டி உதிரி உதிரியாக வரணும். இதெல்லாம் அந்தக் கப்பல்காரனுக்குத் தெரியுமா? தூத்துக்குடிக்காரன், பதினைந்து வருசம் கப்பலில் சமையல், இப்போது ஆழியாறு போகிற வழியில் ஏதோ பெரிய விடுதியில் அடுப்படிக்குத் தலைவன், மூணு மாசத்துக்கு முன் மேல்வீடு கேட்டு வந்தான். நான் வாடகை சொன்னேன், குறைப்பான் என்று கூட்டித்தான் சொன்னேன், "சரி அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான், அப்போதே எனக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது, பேரம் பேசாதவனை எப்படி நம்புவது, ஒன்று அவனுக்கு விலை தெரியாது, இல்லையென்றால் அவன் கண் வேறெங்கோ இருக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நகத்தில் அழுக்கில்லை. என் நகத்தைப் பார்க்கிறேன், எத்தனை சோப்புப் போட்டாலும் சாணியின் பச்சை ஒரு கோடு நிற்கும். அவன் பொண்டாட்டி ஊரில் டீச்சர், மாசத்துக்கு ஒருதரம் வருகிறாள், நல்ல மாதிரி, எல்லாம் சரி, ஆனால் அந்தத் துணி. அதைத்தான் தாண்ட முடியவில்லை. நேற்று மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் மாடிப்படி நடுவில் அவன் நிற்கிறான், ரெண்டு படி கீழே இவள், அவன் கையில் தட்டு, தட்டின்மேல் ஒரு வெள்ளைத் துணி, ரெண்டு பக்கமும் தொங்குகிறது, இவள் வாங்கக் கை நீட்டினாள், நீட்டின கை துணிக்கு அடியில் போயிற்று, அவன் கையும் அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு நேரம்? வேறு யாராவது என்றால் தட்டு வாங்கினாள் என்று போய்விடுவான், நான் முப்பத்தஞ்சு வருசமாகத் துணிக்கடியில் இருக்கிற கைகளை மேலிருந்து பார்த்தே படித்தவன், தோள் எப்போது இறுகுகிறது, முழங்கை எப்போது தளர்கிறது என்று பார்த்து விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வேன். இவள் தோள் ஒருதரம் வெடுக்கென்று தூக்கிப்போட்டது. ஒரு "ஸ்" என்ற சத்தம். அப்புறம் சிரித்தார்கள். ரெண்டு பேரும். ஒரு எண்ணைச் சொல்லி முடிக்கத் தேவையான நேரம் அது, ஒரு நொடி கூடவும் இல்லை குறையவும் இல்லை.

"ஏனுங்க, கருகற வாசம் வருது!" வாசலில் பூ கட்டிக்கொண்டிருக்கிறாள், மூக்கு மட்டும் இங்கே இருக்கிறது. "கருகலை புள்ள, வெங்காயம் சிவக்குது!" "சிவக்கறது எனக்குத் தெரியாதுங்களா, இது கருகறது!" பார்த்தால் ஓரத்தில் கருகித்தான் இருக்கிறது, அடுப்பைக் குறைத்தேன், கருகினதைப் பொறுக்கி நானே வாயில் போட்டுக்கொண்டேன், கசந்தது, கசக்கட்டும். சொல்லிக் கொடுத்திருப்பாளா? அதுதான் கேள்வி, வேறெதுவுமில்லை, ஊரார் நினைக்கிற மாதிரி அசிங்கமாக எதையும் நான் நினைக்கவில்லை, அப்படி நினைத்தால் என் வாய் அழுகிப் போகும், என் கேள்வி அது மட்டும்தான், ஒன்று இப்படி, ரெண்டு இப்படி, என்று அந்த நகத்தில் அழுக்கில்லாத கைக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாளா? தம்பி, எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் கேப்பாரு, விளையாட்டாட்டம் இருக்கும், என்று? வாரத்துக்கு ஒருநாள், மூணு நிமிசம், அவள் கை என் கைக்குள் இருக்கிற நேரம் அது ஒன்றுதான். மகள் போன பிறகு வீட்டில் ரெண்டு டிவி, அவள் ஒன்று பார்க்கிறாள், நான் ஒன்று பார்க்கிறேன். ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடிக்க வயசு போய்விட்டது, பிடித்துக்கொண்டே போகிற வயசு இன்னும் வரவில்லை. நடுவில் இந்தத் துண்டு மட்டும்தான். அதையும் ஒருத்தன் வாடகைக்கு எடுத்துக்கொண்டான் என்றால் எனக்கு என்ன மிச்சம்? நேற்று அவள் அதைத் தின்றதையும் பார்த்தேன், நின்றபடியே, கண்ணை மூடிக்கொண்டு. என் ஆம்லெட்டை அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் தின்பாள், பல் பார்த்து மாடு வாங்குகிறவள் மாதிரி, ஒவ்வொரு கடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து.

சீஸ் டப்பா அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அந்தக் கண்ணாடிக் கடையில் வாங்கினேன், கதவைத் திறந்தாலே குளிரடிக்கிற கடை, "ஆம்லெட்டுக்குள்ள வெப்பாங்களே, உருகுமே, அது குடும்மா" என்றேன், அந்தப் பொண்ணு ஒரு டப்பாவை எடுத்து வைத்தது. "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடு." "போட்டிருக்கிற விலைதாங்க அங்கிள்." "விலை போட்டிருக்குது, சரி, நீ என்ன விலைக்குக் குடுப்பே?" அது என்னைப் பார்த்தது, பின்னால் வரிசையில் நின்றவன் இருமினான், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது டப்பாவைத் திறந்து ஒரு கட்டியைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறேன், வாசமே இல்லை, சோப்புக் கட்டி மாதிரி ஈரமாக, வெட்கமில்லாமல் மழமழவென்று இருக்கிறது. இதிலா பத்து? வைக்கலாமா, வேண்டாமா. வைத்தால் என் ஆம்லெட் அவன் ஆம்லெட்டுக்குச் சின்னப்பிள்ளை மாதிரி பின்னால் ஓடும். வைக்காவிட்டால் மறுபடி ஆறு, இல்லை ஆறுகூட வராது, நேற்றுப் பத்தைத் தின்ற நாக்குக்கு இன்றைக்கு என் கொத்துக்கறி மூணாகத் தெரியும், நாலாகத் தெரியும், அவள் பொய் சொல்லமாட்டாள், அந்த நாலு விரலை இன்றைக்கு என்னால் தாங்க முடியாது. கல்லில் எண்ணெய் காய்ந்துவிட்டது. அவன் அடுப்பை மெதுவாக வைத்து மூடி போட்டு வேக வைப்பானாம், பாலும் ரெண்டு ஸ்பூன் ஊற்றுவானாம், நானும் குறைத்தேன், பாலும் ஊற்றினேன், முட்டையைக் கல்லில் விட்டேன். எப்பவும் கேட்கிற அந்தச் சீறல் இல்லை. என் கல்லில் முட்டை விழுந்தால் சண்டைக்கு வருகிற மாதிரி சீறும், ஓரமெல்லாம் சரிகை போட்டது போல முறுகி எழும், இது பேசாமல் கிடக்கிறது, மஞ்சளாக, நோஞ்சானாக. பொறுமையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். ஒன்று, ரெண்டு, மூணு என்று மனசுக்குள் எண்ணினேன், பதினெட்டுக்கு மேல் என்னால் முடியவில்லை, அடுப்பைப் பெரிதாக்கினேன், உடனே பயந்து குறைத்தேன், மறுபடி பெரிதாக்கினேன். கறியைப் பாதியில் பரப்பினேன், அதன்மேல் சீஸை வைத்தேன், வெளியே தெரியக்கூடாது என்று மறுபடி கறியைப் போட்டு மூடினேன், திருடின சாமானை வைக்கோலுக்குள் ஒளிக்கிறவன் மாதிரி. மூணு முட்டைக் கனம், ரெண்டு அடுக்குக் கறி, நடுவில் அந்தச் சோப்பு, கரண்டியை அடியில் கொடுத்து மடித்தால் பாதி வந்தது, பாதி வரவில்லை, நடுவில் பிளந்து கறி எட்டிப் பார்த்தது. எருமை உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு ஆம்லெட். கரண்டியால் தட்டி, அமுக்கி, கொத்தமல்லித் தழையை மேலே தூவிப் பிளவை மறைத்துத் தட்டில் போட்டேன்.  

அவள் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், நானும் எதிரில் உட்கார்ந்தேன், ஞாயிற்றுக்கிழமை மேசையில் தின்பதில்லை, பலகைச் சுவர் வீட்டில் மேசை கிடையாது, அந்தப் பழக்கம். "என்னுங்க இவ்வளவு பெருசா இருக்குது, ஊருக்கே போட்டீங்களா?" "சாப்பிட்டுப் பேசு." "மூஞ்சியைப் பாரு, மாடு விலை படியாத மாதிரி." ஒரு விள்ளல் பிய்த்தாள், பிய்த்தது தட்டிலிருந்து வரமாட்டேன் என்றது, வெள்ளையாக ஒரு நூல் நீண்டது, அவள் கையைத் தூக்கத் தூக்க நூலும் கூடவே வருகிறது, அவள் முகத்துக்கு நேராக, எனக்கும் அவளுக்கும் நடுவில். நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விரலில் சுற்றி அறுத்து வாயில் போட்டு மென்றாள், கண்ணைத் திறந்துகொண்டேதான். இன்னொரு வாய். நான் மேல்வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போய்விடுவானே, விசிறியை நிறுத்தாமல் போயிருக்கிறான், கரண்ட் பில் நானா கட்டுகிறேன், அவன்தான் கட்டுகிறான், எதையாவது நினைக்க வேண்டியிருந்தது. "துண்டைப் போடுங்க" என்றாள். தோளிலிருந்து எடுத்துப் போட்டேன், அடியில் கையை நீட்டினேன், வந்தது அவள் கை, பழகின கை, ஆனால் பிடி மாறியிருந்தது. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரலால் என் மூணு விரலைப் பிடிக்கிறாள், ஆள்காட்டி விரல் ஒட்டாமல் தள்ளி நிற்கிறது. மூணு. மறுபடி பிடிப்பாள் என்று காத்திருந்தேன். பிடிக்கவில்லை. மூணுதான். "மூணா?" வாய்விட்டுக் கத்திவிட்டேன், துண்டுக்கடியில் பேசுகிறபோது வாயைத் திறக்கக்கூடாது என்பதுகூட மறந்துபோயிற்று. "அந்த மூணும் கொத்துக்கறிக்குத்தானுங்க. இது யாரு போட்ட ஆம்லெட்டு? உங்களுதா, மேல இருக்கிற தம்பியோடதா?" "அவனுக்கு மட்டும் பத்து!" "எப்ப?" "நேத்து! மகக்கிட்டச் சொன்னியே, பத்துக்குப் பத்துன்னு, என் காதால கேட்டனே!" அவள் என்னையே பார்த்தாள், சிரிப்பு வாயோரத்தில் வந்து நின்றது, வெளியே விடவில்லை. "ஏனுங்க, அது போன்ல சொன்னது. சத்தமாச் சொன்னது. வாயில சொல்றது வேடிக்கை பாக்கறவங்களுக்குன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாருங்க?"

 இடது காது விண்ணென்றது. "அப்ப துண்டுக்கடியில அவனுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, கேட்டபின் ஏன் கேட்டோம் என்று இருந்தது, ஆனால் நேற்றிலிருந்து உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது அதுதான், வந்துவிட்டது. "அந்தத் தம்பிக்கு எதுக்குங்க துண்டு?" என்றாள், நிஜமாகவே புரியாமல். துண்டு இன்னும் எங்கள் கைமேல் கிடந்தது, அவள் கையை எடுக்கவில்லை, நானும் விடவில்லை. அந்தத் தள்ளி நின்ற ஆள்காட்டி விரலை மெதுவாகத் தேடிப் பிடித்தேன், "ஸ்" என்றாள், தோள் வெடுக்கென்று தூக்கிப்போட்டது, நேற்று மாடிப்படியில் தூக்கிப்போட்ட அதே தோள், அதே சத்தம். நுனியில் ஒரு கொப்புளம், கடலைப் பருப்பு அளவு, உள்ளே நீர் கோத்து வழுவழுவென்று. "என்ன புள்ள இது?" "அந்தத் தம்பி தட்டையும் அடுப்புல சுட வெச்சு அப்படியே எடுத்துட்டு வந்து குடுத்துச்சு, அது கையில பிடிக்க இன்னொரு துணி இருக்குது, நான் வெறுங்கையை அடியில விட்டுட்டேன், சுட்டுருச்சு. ஐயோ அக்கான்னு அது பயந்துச்சு, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏன்?" "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லீன்னா ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?" "வெண்ணெய் தடவினியா?" "நேத்திலிருந்து இப்பத்தான் கேக்கறீங்க."  கொப்புளத்தைத் தொடாமல், அதைச் சுற்றி, துண்டுக்கடியில் என் கட்டை விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், மூணு நிமிசத்துக்கு மேலேயே இருக்கும், அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் கொப்புளத்தில் படாமல் அவள் விரல் அஞ்சையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, ரெண்டைப் பிடித்தேன், ஏழு, ஏழாக்கிக் கொடு என்று. அவள் என் சுண்டுவிரலைத் திருகினாள், சந்தையில் அதற்குப் படியாது என்று அர்த்தம், நன்றாக வலிக்கிற மாதிரி திருகினாள். "எந்திரிங்க" என்றாள், "அந்த நூலு டப்பாவை மேல குடுத்துருங்க, அந்தத் தம்பி வந்தா தின்னுக்கும். எனக்குப் பசிக்குது." எழுந்தேன். கல்லைத் துடைத்து வைத்து அடுப்பைப் பெரிதாகவே மூட்டினேன், எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் முட்டையை ஊற்றினேன், ரெண்டு முட்டை, சீறிக்கொண்டு சண்டைக்கு வந்தது. மூணு. ஆரம்ப விலை அவ்வளவுதான் இருக்கும், அங்கிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.